முன்தேதியிட்ட வரிச் சட்டமும் எளிய வரி செலுத்துவோரும்

வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்பதில் இவ்வவையில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. அவ்வதிகாரம் எத்தனை ஆண்டு பின்னோக்கிச் செல்லலாம் என்பதே இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்டுள்ள வினா. ஒரு செயல் நடந்து முடிந்த பிறகு இயற்றப்பட்டு, அது நடந்த நாளிலேயே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்படும் சட்டம் முன்தேதியிட்ட சட்டம் எனப்படும். வருமானத்தை மறைப்பது வரி ஏய்ப்பு, அது குற்றம். சட்டத்தின் சொற்களுக்குள் நின்றுகொண்டே, சட்டம் கருதாத வகையில் வரியைக் குறைத்துக்கொள்வது வரித் தவிர்ப்பு. அது குற்றமன்று எனினும் அரசு அதைத் தடுக்க முனைவது முறையே. இந்திய அரசியலமைப்பின் 20(1) ஆம் கூறு குற்றங்களுக்கு முன்தேதியிட்டுத் தண்டனை விதிப்பதைத் தடுக்கிறது. வரிக்கு அத்தகைய காப்பு இல்லை. நாடாளுமன்றமே இறுதி அதிகாரம் பெற்ற பிரிட்டனிலும் எழுதப்பட்ட தடை ஏதும் இல்லை.

இப்பொருள் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனங்களையும் முதலீட்டாளர் நம்பிக்கையையும் சுற்றியே நடந்துவந்துள்ளன. மாதச் சம்பளத்திலும் தினக்கூலி ஒப்பந்தத்திலும் வாழ்பவர்கள் இச்சட்டங்களால் அடைந்த இழப்பு அவற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. அக்குறையை உணர்த்த, ‘லோன் சார்ஜ்’ என்று பிரிட்டனில் வழங்கும் கடன்மீதான வரியைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அங்கு ஏஜென்சிகள் வழியாகக் குறுகிய கால ஒப்பந்தத்தில் பணிபுரிந்த கணினி வல்லுநர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்கு இடைநிலை நிறுவனங்கள் ஒரு சம்பள ஏற்பாட்டை முன்வைத்தன. ஊதியத்தில் சிறு பகுதி மட்டும் சம்பளமாகக் கொடுக்கப்பட்டு, எஞ்சிய பெரும்பகுதி, பிறர் நலனுக்காகச் சொத்தை வைத்து நிர்வகிக்கும் டிரஸ்ட் ஒன்றின் மூலம், அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, ‘கடன்’ என்ற பெயரில் வழங்கப்பட்டது. கடனுக்கு வருமான வரி இல்லை. அக்கடனை எவரும் திருப்பிக் கேட்கப் போவதுமில்லை. இத்திட்டங்களை விற்றவர்கள் மூத்த வழக்கறிஞரின் கருத்துரையைக் காட்டினர். வரித் தவிர்ப்புத் திட்டங்களை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற 2004 ஆம் ஆண்டு விதியின்கீழ்ப் பெறப்பட்ட பதிவு எண்ணையும் காட்டினர். அந்த எண் ஒப்புதலன்று என்பதைச் சட்டம் பயின்றோர் அறிவர். அரசு வழங்கிய எண்ணைக் கண்ட ஒரு செவிலியர் அதனை அனுமதி என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இவ்வகைக் கடன்களைச் சம்பளமாகவே கருதும் தெளிவான சட்டம் 2010 டிசம்பர் 9 அன்று அறிவிக்கப்பட்டு, 2011 நிதிச் சட்டத்தில் இடம்பெற்றது. அது வருங்காலத்தை நோக்கிய சட்டம். அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 2016 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு 2017 இல் நிறைவேற்றப்பட்ட லோன் சார்ஜ், 1999 ஏப்ரல் 6 முதல் பெறப்பட்டு 2019 ஏப்ரல் 5 அன்று தீராமல் இருந்த எல்லாக் கடன்களையும் ஒரே நிதியாண்டின் வருமானமாகக் கொண்டது. 2019 இல் நிலுவையில் உள்ள தொகைமீதே வரி விதிக்கப்படுவதால் இது முன்தேதியிட்டது ஆகாது என்று அரசு வாதிட்டது. வடிவத்தைப் பார்த்தால் அவ்வாதம் சரியே. விளைவைப் பார்த்தால் அது நிற்காது. வரி அதிகாரி ஒருவர் சாதாரணமாக நான்கு ஆண்டுகளுக்குள்ளும், கவனக்குறைவு இருப்பின் ஆறு ஆண்டுகளுக்குள்ளும் கணக்கைத் திறக்க வேண்டும் என்று வகுக்கப்பட்ட கால வரம்பு, வரி செலுத்துவோர் தம் பழைய ஆண்டுகளை முடிந்துபோனவையாகக் கருதி வாழ்வதற்கான உறுதிமொழி. அந்த உறுதிமொழியைச் சுற்றி வளைத்துக் கடந்ததே இப்புதிய வரி. மேலும், பல ஆண்டுகளின் தொகை ஓராண்டில் குவிந்ததால், அந்தந்த ஆண்டில் குறைந்த விகிதத்தில் செலுத்தியிருக்கக் கூடியவர்களும் 40, 45 விழுக்காட்டு விகிதங்களுக்குள் தள்ளப்பட்டனர்.

இக்கடன்கள் வருமானமே என்பது எவருக்கும் அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்ற கூற்று இன்னும் எழுகிறது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம் தன் வீரர்களுக்கு இதே முறையில் பணம் கொடுத்த வழக்கில், 2012 இலும் 2014 இலும் இரு தீர்ப்பாயங்கள் வரித்துறைக்கு எதிராகவே முடிவு செய்தன. 2015 இல் மேல்முறையீட்டில் நிலை மாறி, 2017 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அப்பணம் ஊதியமே என்று இறுதியாக உரைத்தது. இரு தீர்ப்பாயங்களுக்குத் தெளிவாகாத ஒன்று தற்காலிக ஆசிரியர் ஒருவருக்குத் தெளிவாகியிருக்க வேண்டும் என்பது நீதியாகாது. அத்தீர்ப்பிலும் வரியைப் பிடித்துச் செலுத்தும் பொறுப்பு முதலாளிமீதே சார்த்தப்பட்டது என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. லோன் சார்ஜிலோ, முதலாளி நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலோ கலைந்துபோயிருந்தாலோ சுமை தொழிலாளிக்கு மாறியது. திட்டத்தை வடிவமைத்து, விற்று, கட்டணம் பெற்றவர்கள் அச்சுமைக்கு வெளியே நின்றனர்.

ஏறக்குறைய 50,000 பேர் இதற்கு உட்படுவர் என்று வரித்துறை மதிப்பிட்டது. லோன் சார்ஜுக்கு உள்ளானவர்களுள் பத்துப் பேர் தற்கொலை செய்துகொண்டதை அத்துறையே உறுதிப்படுத்தியுள்ளது. வரிக் கொள்கை பற்றிய எந்த ஆய்வும் இந்த எண்ணைக் கடந்து சென்றுவிடலாகாது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே பணியைச் செய்து, சம்பளத்திலேயே முழு வரியும் பிடிக்கப்பட்ட சக ஊழியர்களும் எளிய வரி செலுத்துவோரே. கடன் பெற்றவர்கள் பலர் பல ஆண்டுகள் மிகக் குறைந்த வரியே செலுத்தினர். ஆகவே வரியே கூடாது என்பது ஏற்கத்தக்க நிலைப்பாடு அன்று. லோன் சார்ஜை ஆராய அரசு நியமித்த சர் அமியாஸ் மோர்ஸ் நடத்தி, 2019 டிசம்பரில் வெளியான மறுஆய்வு இதற்குத் தக்க அளவுகோலை வகுத்தது: சட்டம் தெளிவான நாளாகிய 2010 டிசம்பர் 9 க்கு முந்தைய கடன்களை அது விலக்கியது, அதன்பின் 2016 ஏப்ரல் வரை பெற்ற கடன்களிலும், வருமான வரிப் படிவத்தில் உரியவாறு தெரிவித்தும் வரித்துறை நடவடிக்கை எடுக்காதவற்றை விலக்கியது. அரசும் இவற்றை ஏற்றது. சுமார் 11,000 பேர் முற்றிலும் விடுபடுவர் என்று கணக்கிடப்பட்டது. தெளிவான நாள் எது என்று முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை துன்பம் நேர்ந்திராது.

இது முதல் நிகழ்வும் அன்று. மான் தீவின் வழியாக அமைந்த ஒரு கூட்டு நிறுவன ஏற்பாட்டை 2008 நிதிச் சட்டத்தின் 58 ஆம் பிரிவு, 1987 ஆம் ஆண்டின் திருத்தம் தொடக்கம் முதலே தடுத்திருந்ததாகக் கற்பித்து முடக்கியது. அதனை எதிர்த்த ஒப்பந்தப் பணியாளரின் வழக்கில், சொத்துரிமை மீறப்படவில்லை என்று 2011 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நீதிமன்றங்கள் இவ்வகையில் நாடாளுமன்றத்தைத் தடுக்கத் தயங்குகின்றன என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

இந்திய அனுபவம் இதற்கு முரணாக நிற்கிறது. 2012 ஜனவரியில் வோடஃபோன் நிறுவனத்தின் வரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற ஒன்றிய அரசு, அதே ஆண்டின் நிதிச் சட்டத்தால் வருமான வரிச் சட்டத்தை 1962 ஏப்ரல் 1 முதல் செல்லுமாறு முன்தேதியிட்டுத் திருத்தியது. இத்தகைய சட்டம் மிக அரிய சூழலில் மட்டுமே இயற்றப்பட வேண்டும் என்று பார்த்தசாரதி ஷோம் குழு அவ்வாண்டே பரிந்துரைத்தது. ஆனால் 2021 ஆகஸ்டில் அத்திருத்தத்தின் அடிப்படையில் எழுந்த வரிக் கோரிக்கைகள் கைவிடப்பட்டதில் பெரும் பங்கு, 2020 இல் வோடஃபோனும், அவ்வாறே வரி கோரப்பட்ட கெய்ர்ன் நிறுவனமும் பன்னாட்டு நடுவர் மன்றங்களில் பெற்ற வெற்றிகளுக்கு உரியது. அந்த வழி முதலீட்டு ஒப்பந்தங்களால் திறந்தது. பிரிட்டனின் ஒப்பந்தச் செவிலியருக்கோ இந்தியாவின் சிறு வணிகருக்கோ தம் அரசுக்கு எதிராக அப்படி ஒரு வாயில் இல்லை.

எனவே இங்கு கட்டுரை படிக்க வந்துள்ள அறிஞர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது. முன்தேதியிடும் எந்த மசோதாவும், வரி செலுத்துவோர் எந்த நாளில் தம் நிலையை அறிந்திருக்க முடியும் என்பதைக் காரணத்துடன் குறிப்பிட வேண்டும். அந்த நாளுக்கு அப்பால் அது செல்லலாகாது. திட்டத்தை விற்றவரிடம் வசூலிக்க முயன்ற பின்னரே அதில் சேர்ந்தவரிடம் செல்ல வேண்டும். இம்மூன்றும் சட்டமாக எழுதப்படுவதற்குரிய வாசகங்களை இக்கருத்தரங்கு வரைந்து, இரு நாடாளுமன்றங்களின் நிதிக் குழுக்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.