எண்பது விழுக்காட்டு இசைவு எங்கே போயிற்று?

குடிமகன் இசைந்தாலும் இசையாவிட்டாலும் இழப்பீடு கொடுத்து அவன் நிலத்தை எடுத்துக்கொள்ள அரசுக்கு உள்ள அதிகாரத்தை மேலாட்சி உரிமை என்பர். ஏரி வெட்டவும் இருப்புப்பாதை போடவும் அது வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. 1894-இல் ஆங்கில ஆட்சி இயற்றிய நில ஆர்ஜிதச் சட்டம் அதற்குப் ‘பொது நோக்கம்’ என்றொரு வரப்புக் கட்டியது. அதே சட்டம் தன் ஏழாம் பகுதியில், கம்பெனிகளுக்காகவும் நிலம் எடுத்துத் தரலாம் என்று அந்த வரப்பிலேயே ஒரு மடையையும் வைத்தது.

மடை திறந்தால் என்னாகும் என்பதைச் சிங்கூர் காட்டியது. மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், டாடா நிறுவனத்தின் சிறு கார் தொழிற்சாலைக்காக 2006-இல் 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. எடுத்தது, குத்தகை உழவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியதையே தன் பெருமையாகச் சொல்லிவந்த இடதுசாரி அரசு. 2008-இல் நிறுவனம் குஜராத்துக்குப் போய்விட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும், அந்த ஆர்ஜிதம் செல்லாது, நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். ஆயினும் ஒருவர் அது கம்பெனிக்காக எடுக்கப்பட்டதே என்றார், மற்றவரோ பொது நோக்கம்தான், உழவரின் ஆட்சேபனைகள்தாம் முறையாகக் கேட்கப்படவில்லை என்றார். பத்தாண்டு வழக்குக்குப் பின்னும் நாட்டின் உயர்ந்த மன்றத்துக்கே ஒருமுகமாகப் பிடிபடாத அச்சொல்லுக்கு, அரசாணைகள் ஒரே வரியில் பொருள் சொல்லிவிடுகின்றன.

நிலம் இழப்பவரையே கேட்டுவிடுவது என்ற எளிய வழியை 2013-ஆம் ஆண்டின் மைய நில எடுப்புச் சட்டம் கண்டது. தனியார் நிறுவனத்துக்கென எடுப்பதாயின் நில உரிமையாளர் குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் முன்னதாக இசைய வேண்டும். எவர் பிழைப்பு எவ்வாறு கெடும் என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடும் நடக்க வேண்டும். தமிழ்நாடு என்ன செய்தது? தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உட்படத் தன் மூன்று சட்டங்களை, மையச் சட்டத்தில் 105அ என்னும் பிரிவைச் செருகி, அந்நிபந்தனைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. புதிய இழப்பீட்டு விகிதத்தை எடுத்துக்கொண்டு, கேட்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லாதவை என்றது. அதே ஆண்டில், 2013 செப்டம்பர் முதலே செல்லும்படி முன்தேதியிட்ட மீட்புச் சட்டம் வந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அவ்வாண்டில் ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை.

1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசிதழில் அறிவிப்பு வெளியான அன்றே நிலம் அரசின் உடைமையாகிவிடுகிறது; இழப்பீட்டுக் கணக்கு அதற்குப் பிறகுதான். புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர் என்று நீளும் அந்த அறிவிப்பின் அட்டவணையில், அவ்வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய பெண்ணுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. (80 விழுக்காட்டுக் கணக்கிலும் அவள் இல்லை, அது அந்த மையச் சட்டத்தின் குறை.) இவ்வாறு எடுக்கப்பட்ட நிலம், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் மனைகளாகப் பிரிக்கப்பட்டு நிறுவனங்களுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போகிறது, அந்தக் குத்தகைப் பத்திரத்தில் மட்டும் இரு தரப்பின் கையொப்பமும் கேட்கப்படுகிறது.