மூன்றாம் அடுக்கு

(மாரண்டஅள்ளியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புளிக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கியபின் எண்ணெய் தனியே மேலே மிதப்பதைக் காணாதவர் இவ்வூரில் இரார். கீழே புளிநீர், மேலே எண்ணெய். இரண்டே அடுக்கு. இவற்றிடையே மூன்றாவதாக ஓர் அடுக்கு ஏன் தோன்றுகிறது, அதனை எவ்வாறு தடுப்பது என்னும் ஆய்வில் பல்லாண்டுகளைச் செலவிட்டார் ஓர் அறிவியலர். அவர் உண்டது போன்ற குழம்பில் அன்று. கல்பாக்கத்து அணுக்கூடத்தின் கலத்தில்! பி.ஆர். வாசுதேவ இராவ் என்பது அவர் பெயர்.

சென்னை விவேகானந்தர் கல்லூரியில் பயின்றவர். 1970களின் தொடக்கத்தில் திராம்பே பாபா அணு ஆய்வு நடுவத்தின் பயிற்சிப் பள்ளி வழியாகக் கதிர்வேதியியலுக்குள் புகுந்தவர். பின்னர்க் கல்பாக்கம் வந்து, 2013 முதல் 2015 வரை ஆங்குள்ள இந்திரா காந்தி அணு ஆய்வு நடுவத்தின் இயக்குநராக இருந்தார். பதவிகளை இவ்வளவில் நிறுத்துகிறேன். ஒருவர் அமர்ந்த நாற்காலிகளை எண்ணிவிட்டு அவர் செய்த பணியை மறப்பது நம் மேடைகளின் பழைய நோய்.

கல்பாக்கத்து ஆய்வு ஈனுலை, பிரெஞ்சு நாட்டு இராப்சோடி உலையை ஒட்டி வரையப்பட்டது. அதற்கு வேண்டியது செறிவூட்டிய உரேனியம். 1974-இல் பொக்ரானில் அணுவெடிப்பு நிகழ்ந்தபின், அப்பொருள் வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டது. உலையைக் கட்டிவிட்டு ஊட்டுவதற்கு ஒன்றுமில்லை என்னும் நிலை! ஆகவே கையிலிருந்த புளூட்டோனியத்தை 70 பங்கும், உரேனியத்தை 30 பங்கும் கொண்டு கார்பைடு என்னும் கரிச்சேர்மத்தை ஆக்கினர். இத்தகைய கலவையை முதன்மை எரிபொருளாகக் கொண்ட உலை உலகில் வேறில்லை. பொடியாயிருக்கையில் காற்றுப் பட்டாலே தீப்பற்றக் கூடியது. ஈரம் பட்டாற் சிதைவது. எனவே மந்த வளி நிரப்பிய மூடிய பெட்டிக்குள், கையுறை வழியே கைநுழைத்தே எல்லா வேலையும் நடைபெறும். அதன் கரி, சுற்றியுள்ள எஃகுக் குழாயில் ஊறி அதனை நொறுங்கச் செய்யுமா என்பதை வேதியியலரே அளந்து சொல்ல வேண்டியிருந்தது. 1985 அத்தோபர் 18 அன்று அவ்வுலையில் தொடர்வினை தொடங்கிற்று. ஒரு தொன்னுக்கு 25,000 மெகாவாட்டு நாள் எரியலாம் என்று முதலில் வரையறுத்தனர். படிப்படியாக அது 1,55,000 வரை சென்றது.

எரிந்து முடிந்த எரிபொருள் சாம்பலன்று. அதனுள் இன்னும் புளூட்டோனியம் உண்டு. அதனை வெடியக் காடியாகிய நைட்டிரிக்கு அமிலத்திற் கரைத்து, டிரைபியூட்டைல் பாசுபேட்டு கலந்த எண்ணெயொடு சேர்த்துக் கலக்குவர், மத்தாற் கடைவதுபோலத்தான். கலக்கி நிறுத்தினால் உரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு ஏறிவிடும்; பிற கழிவுகள் காடியிலேயே தங்கும். மோரினின்று வெண்ணெய் பிரிவது போன்ற இவ்வேலையில் ஓர் இடர் உண்டு. ஈனுலை எரிபொருளில் புளூட்டோனியம் மிகுதி. எண்ணெய் தாங்கும் அளவை அது மீறினால், எண்ணெயே இரண்டாகப் பிளக்கும். கனமான பகுதி இடையிற் படியும். அதுவே மூன்றாம் அடுக்கு. புளூட்டோனியம் அங்கே சென்று செறியும். வரம்பு மீறிச் செறிந்தால், உலைக்குள் நிகழ வேண்டிய தொடர்வினை, வேதியியற் கலத்திலேயே மூண்டுவிடும்.

வாசுதேவ இராவும் அவர் குழுவினரும் கண்ட தீர்வு வியப்பூட்டுவது. அப்பாசுபேட்டின் மூன்று கைகளிலும் நான்கு நான்கு கரியணுக்கள் உள்ளன. கைக்கு ஒன்றாகக் கூட்டி ஐந்தாக்கி, அக்கையைக் கிளைவிடவும் செய்தால் டிரை ஐசோ அமைல் பாசுபேட்டு கிடைக்கும். அது மிகுதியான புளூட்டோனியத்தைப் பிளவின்றித் தாங்குகிறது. நீரிற் கரைந்து வீணாவதும் குறைவு. கைக்கு ஓர் அணு! அதனை உறுதிசெய்ய எத்தனை கலங்கள், எத்தனை வெப்பநிலைகள், எத்தனை காடியளவுகள்!

இத்துறையில் கவனம் பிசகினால் என்னாகும் என்பதற்கும் கல்பாக்கமே சான்று. 2003 சனவரியில் அங்குள்ள மறுசெயலாக்க நிலையத்தில் வால்வு என்னும் தடுக்கிதழ் பழுதுற்று, பணியாளர் அறுவர் மிகுகதிர்வீச்சுக்கு ஆட்பட்டனர். அது மூன்றாம் அடுக்கால் வந்ததன்று. ஆயினும், அக்கூடத்துள் நடப்பது இன்னது என்று சதுரங்கப்பட்டினத்து மீனவர்க்கு அவர்தம் மொழியில் யார் சொன்னார்? ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. காடியும் எண்ணெயும் கரியணுவும் தமிழிற் சொல்லத் தகாதனவா? இவ்வளவு நேரமும் தமிழிலேயே சொன்னேன். பின்வரிசைப் பாட்டியார்கூட எழுந்து போகவில்லை.

வேதியியல் பயிலும் தம்பி தங்கையர் இங்குப் பலர் இருக்கிறீர்கள். கரியணு கூடினால் எண்ணெய் ஏன் பிளவுறாமல் தாங்குகிறது என்பதை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். கரும்பலகையைச் சற்று முன்னே நகர்த்துங்கள், வரைந்து காட்டுகிறேன்.