உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் ஊராரின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பட்டாசு ஆலையில் விபத்து நேர்ந்தால் ஊரே திரண்டு ஓடி உதவுவது நமது சிவகாசி வட்டாரத்தின் வழக்கம். ஆனால், ஓசையின்றி ஒரு குடும்பத்தை வீழ்த்தும் துன்பமும் உண்டு. அது சிறுநீரகச் செயலிழப்பு. வாரம் இருமுறை, மும்முறை டயாலிசிஸுக்குச் செல்பவர் கூலியை இழக்கிறார்; துணைக்குச் செல்பவரும் இழக்கிறார்.

இதற்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது நல்ல தீர்வாகும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே இச்சிகிச்சை நடைபெறுகிறது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றுடன் காப்பீட்டு அட்டையை முன்னரே பெற்று வைத்தல் நலம். நோய் வந்தபின் அலைவது பெருந்துன்பம்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் உதவி போதும் என்று கருதுதல் கூடாது. உண்மையில் உதவி அப்போதுதான் தொடங்க வேண்டும். புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க, வாழ்நாள் முழுவதும் வேளை தவறாமல் மருந்து உண்ண வேண்டும். கைப்பணம் இல்லையென்று மருந்தை நிறுத்தினால், பெற்ற உறுப்பு பழுதாகும். அம்மருந்து நோய் எதிர்ப்பு ஆற்றலையும் குறைப்பதால், நலம் விசாரிக்கக் கூட்டமாகச் செல்லும் நம் வழக்கத்தைச் சில மாதங்கள் ஒத்திவைப்பதே அவருக்கு நாம் செய்யும் உபகாரம். அவரைத் தொட்டால் நோய் ஒட்டும் என்பது வீண் அச்சம்.

மருந்துக்கலவைத் தூசியும் கடும் வெயிலும் அவருக்கு ஆகா. மருத்துவர் இசைவுடன் கணக்கு எழுதுதல் போன்ற இலகுவான வேலையை ஆலை உரிமையாளர்கள் அளிக்க முன்வர வேண்டும். தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் உரிய காலம் சந்தா செலுத்தியவருக்கு, நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பின்போது ஊதியத்தில் 80 விழுக்காடு வரை, இரண்டாண்டுகள் வரை உதவித்தொகை கிடைக்கும். ஆலைப் பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு இவ்வுரிமை இல்லை. ஆகவே, பெயர் பதியப்பட்டுள்ளதா என்று ஒவ்வொருவரும் இன்றே பார்த்துக்கொள்க. சிகிச்சைக்கு இரயிலில் செல்வோருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு.

வறுமையைக் கண்டு தரகர் வருவார், எச்சரிக்கை! 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் விற்கப்பட்டதாகப் புகார் எழுந்ததை அறிவீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உறுப்பு வணிகம் குற்றம். 2011-இல் செய்த திருத்தத்தின்படி ஐந்து முதல் பத்தாண்டு சிறையும், 20 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். கடன் தீர்க்க உறுப்பை விற்பவரும் இக்குற்றத்திற்கு உள்ளாவார்.

விற்பது குற்றம், கொடுப்பது அறம். 2008-இல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த இளைஞன் இதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமளித்தனர். அச்செயல் தமிழகத்தையே விழிப்புறச் செய்தது. இவ்வாறு இறந்தபின் உறுப்பீந்தோரின் இறுதிச் சடங்கிற்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று 2023-இல் அரசு அறிவித்தது.

பெருமக்களே! நான் வேண்டுவன மூன்று. மாற்றுறுப்பு பெற்ற குடும்பங்களை ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் அறிந்து வைத்திருங்கள். மருந்து தடைப்படும் செய்தி வந்தால் அன்றே வட்டார அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். அவ்வீட்டுப் பெண்களுக்கு மகளிர் குழுவின் வழியே கடனுதவி கிடைக்கச் செய்யுங்கள். ஒருவர் உடலில் ஓர் உறுப்பைப் பொருத்துபவர் மருத்துவர். அவரை மீண்டும் வாழ்வில் பொருத்த வேண்டியவர் ஊரார்.