சயாம் தேசத்தில் வீடு வாங்கி நாள்வாடகைக்கு விடுதல்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்ந்த பிரசங்கம்)



நம்மவரிற் சிலர், வருந்திச் சேமித்த பொருளைக் கொண்டு தாய்லாந்தில், அஃதாவது நம் பாட்டனார் சயாம் என்று வழங்கிய தேசத்தில், அடுக்குமாளிகை வீடொன்று வாங்கி, பிரயாணிகளுக்கு ஓரிரவு ஈரிரவு என வாடகைக்கு விட எண்ணுகின்றனர். பாங்காக்கு சீலோம் வீதியில் நம் தமிழ் மக்கள் எழுப்பிய மாரியம்மன் கோவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விளங்குவதால், அந்நாடு நமக்கு அயலாகத் தோன்றுவதில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் நாம் அங்கு அயலாரே.

தரகர் காட்டும் கணக்கு இனிமையானது. இரவொன்றுக்கு 2,000 பாட், மாதத்தில் 20 இரவு, ஆக 40,000 பாட்; மாதவாடகையோ 18,000 தான் என்பர். துணி வெளுப்பு, துப்புரவுக் கூலி, மின்சாரம், விருந்தினரைப் பிடித்துத் தரும் கம்பெனியின் பங்கு ஆகியன அக்கணக்கில் வாரா. பூக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலமாதலின் அறைகள் பல காலியாய்க் கிடக்கும் என்பதும் வாராது. இவையெல்லாம் பொறுக்கத்தக்க நஷ்டங்களே. பொறுக்கவொண்ணாதது வேறொன்றுண்டு.

அத்தேசத்தில் 2004-ஆம் ஆண்டு ஏற்பட்ட ஹோட்டல் சட்டப்படி, மாதக்கணக்கிற் குறைந்த காலத்திற்குக் கூலி பெற்று இடங்கொடுப்பது ஹோட்டல் நடத்துவதாகும். அதற்கு அனுமதி வேண்டும். அனுமதியின்றி நடத்துவோர்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றியும் குற்றம் தொடரும் நாளொன்றுக்கு 10,000 பாட் வரை விதிக்கலாம். இச்சட்டம் ஏட்டளவில் உறங்குவதென்று தரகர் நகைப்பர். ஆனால் 2018-இல் ஹுவா ஹின் நகர நீதிமன்றம், நாள்வாடகைக்கு விட்ட அடுக்குமாளிகை உரிமையாளர்க்கு அபராதம் விதித்தது. 8 அறைகளுக்கும் 30 விருந்தினருக்கும் மிகாத இடம் ஹோட்டலன்று என்னும் 2023-ஆம் ஆண்டு விதியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதற்கும் அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அடுக்குமாளிகைக்கோ தனிச் சட்டமொன்றுண்டு. வியாபாரத்திற்கென ஒதுக்கிய பகுதியிலன்றி வேறிடத்தில் வியாபாரம் செய்வதை அது தடுக்கின்றது. மாளிகையின் சொந்த விதிகளும் உள. பல மாளிகைகளின் வாயிலில் நாள்வாடகை கூடாதென்று எழுதியே ஒட்டியுள்ளனர்.

அவ்வாறு ஒட்டியவரை நாம் குறைகூற மாட்டோம். அடுத்த கதவுக்குள் வாரந்தோறும் புதியவர் நால்வர் பெட்டி உருட்டிப் புகுந்து நடுநிசி வரை கூச்சலிடின், நம் வீட்டுப் பெண்டிரும் குழந்தைகளும் அதைச் சகிப்பரோ?

இனி வாங்குதலைப் பற்றிச் சிறிது. அயலார்க்கு நிலம் வாங்கும் உரிமை பொதுவாக இல்லை. அடுக்குமாளிகையின் மொத்த வீட்டுப் பரப்பில் நூற்றுக்கு 49 பங்கு வரையே அயலார் பெயரில் இருக்கலாம். அப்பணமும் வெளிநாட்டு நாணயமாக வந்ததற்குச் சான்று வேண்டும். உள்நாட்டாரைப் பெயரளவிற் பங்காளிகளாக்கிக் கம்பெனி தொடங்கி நிலம் வாங்கும் வழியைச் சிலர் போதிப்பர், அது குற்றம். கூரையை இழப்பதற்கு நல்ல வழி!

நாமே சென்று விருந்தினரை வரவேற்று அறையைத் துப்புரவு செய்யலாமென்பாரும் உளர். வேலை அனுமதிச் சீட்டின்றி அயலார் வேலை செய்தால் அபராதமும் நாடுகடத்தலும் நேரும். அயல்நாட்டார் ஒருவர் தங்கினால் 24 மணிக்குள் குடியேற்ற அதிகாரிக்கு அறிவிப்பதும் வீட்டாரின் கடமை.

ஆகவே, வாங்கியே தீருவோமென்பார் ஒப்பந்தமெழுதி மாதவாடகைக்கோ ஆண்டு வாடகைக்கோ விடுவதே தக்கது. வருவாய் குறையும், உறக்கம் கெடாது. முன்பணம் கொடுக்குமுன் மாளிகை விதிகளின் பிரதியையும், அயலார் பங்கில் இடமுளதென்னும் கடிதத்தையும் மாளிகை நிர்வாகியிடமே கேட்டுப் பெறுக. தரகரின் வாய்மொழி போதாது. நம் தேசத்தினின்று ஓராண்டில் ஒருவர் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்ப அனுமதியுண்டு. ஆனால் இங்கு வசிப்போர் அச்சொத்தையும் வாடகையையும் இங்குள்ள வருமானவரிப் பத்திரத்திற் காட்டவேண்டும். காட்டாதார்க்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கக்கூடும்.

முன்னரே வாங்கியுள்ள அன்பர்கள் தங்கள் பத்திரங்களுடன் கூட்டம் முடிந்தபின் இருப்பின், உடனிருந்து பார்க்கச் சித்தமாயுள்ளோம்.