எதிரிக்கும் முகம் உண்டு

(நம் குடியிருப்பின் கோடை விடுமுறைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் '300' என்ற ஆங்கிலப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிராங்க் மில்லர் 1998-ல் வரைந்த காமிக்ஸை ஜாக் ஸ்னைடர் படமாக்கினார். 2007-ல் தியேட்டர்களுக்கு வந்தது. கி.மு. 480-ல் தெர்மோபிலே கணவாயில் கிரேக்கருக்கும் பாரசீகருக்கும் நடந்த போர்தான் கதை.

படத்தில் கிரேக்க வீரர்கள் கட்டான, அழகான மனிதர்கள். பாரசீகப் படையோ பூதகணம். மன்னர் செர்க்சஸ், உடம்பெல்லாம் வளையமும் சங்கிலியும் மாட்டிய ராட்சதர். அவருடைய மெய்க்காவல் படையினர் உலோக முகமூடியோடு வருகிறார்கள். அதைக் கழற்றினால் உள்ளே கோர முகம். ஈரான் நாட்டவர் கொதித்துப்போனதில் வியப்பில்லை.

நிஜத்தில் அந்தப் படை எப்படி இருந்தது? பீங்கான் ஊர்க்காரர்களான நமக்கு இது பிடிக்கும். செர்க்சஸின் தந்தை தாரியஸ், சூசா நகர அரண்மனைச் சுவரில் வில்வீரர்களின் உருவங்களை வண்ண மெருகேற்றிச் சுட்ட செங்கல்லில் பதித்தார். அவை இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுருள் தாடி, பூப்போட்ட நீள அங்கி, கையில் ஈட்டி, அமைதியான முகம். 2,500 வருடமாகியும் மெருகு போகவில்லை.

"ஸ்பார்ட்டா வீரன் ஒருவன் சொல்லும் கதைதானே, எதிரியை அப்படித்தான் சொல்வான்" என்று படத்துக்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். ஆனால் எஸ்கிலஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர் மாரத்தான் போரில் பாரசீகரை நேருக்கு நேர் எதிர்த்து நின்றவர். தெர்மோபிலே நடந்து எட்டே வருடத்தில், கி.மு. 472-ல், 'பாரசீகர்கள்' என்று நாடகம் போட்டார். தோற்ற நாட்டின் அரண்மனையில், மகனுக்காகக் கலங்கும் தாயைத்தான் ஏதென்ஸ் மக்கள் முன் நிறுத்தினார். போரில் நின்றவருக்கு எதிரி மனிதனாகத் தெரிந்தான்.

நம் பக்கத்துக்கே வருவோம். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் முடிவில் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து படுக்க வைப்பார்கள். அவனும் ராட்சத உருவம்தான். பீமன் தொடையில் அடிப்பான், அம்மன் கூந்தல் முடிவாள். ஆனால் அங்கே ஒப்பாரியும் உண்டு. பெற்ற தாய் காந்தாரியின் அழுகையைக் கேட்காமல் ஊர் கலைவதில்லை. தப்பு செய்தவன் தண்டனை பெற்றான். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை. இரண்டையும் நம் கூத்து சேர்த்தே சொல்கிறது.

எதிரியை மிருகமாக்கிவிட்டால் அவன் சாவுக்கு யாரும் அழ வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் தியேட்டரோடு நிற்காது. பக்கத்து நாட்டுக்காரன், வேறு சாதிக்காரன், வேறு மதத்துக்காரன் என்று தெரு வரைக்கும் வரும்.

படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சண்டைக் காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன. முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "செத்துப்போன அந்த முகமூடிக்காரன் வீட்டில் யாரெல்லாம் இருந்திருப்பார்கள்?" பதிலை அவர்களே தேடட்டும்.