பறை பேசிய போர்க்களம்



"என்ன பறையிறியள்?" என்று கேட்பது எங்கள் உருத்திரபுரப் பக்கத்துப் பேச்சு வழக்கு. பறைதல் என்றால் பேசுதல். பறை என்னும் தோற்கருவியின் பெயரும் இச்சொல்லோடு உறவுடையது. அவ்வுறவு நன்கு விளங்கும் இடம் பழந்தமிழரின் போர்க்களம். ஆயிரம்பேர் ஆரவாரிக்கும் களத்திலே தலைவனின் குரல் கடைசி வீரனுக்கு எட்டாது. அங்கே படையின் நாவாக நின்றது தோற்கருவிதான்.

ஆநிரை கவரப் புறப்பட்டபோது துடி முழங்கியது. வீரரைத் திரட்டத் தண்ணுமை ஒலித்தது. சங்கும், வயிர் என்னும் கொம்பும் உடன் ஊதப்பட்டன. குழல் முல்லை நிலத்து ஆயரின் கருவியாக விளங்கியது.

இக்கருவிகளுள் அரச முரசுக்கு இருந்த மதிப்புப் பெரிது. பொருது வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்த முரசைப் புறநானூற்றின் 288ஆம் பாட்டிலே காண்கிறோம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி முரசு செய்ததைப் பதிற்றுப்பத்துப் போற்றுகின்றது. முரசு கட்டிலில் அறியாது உறங்கிய புலவர் மோசிகீரனாரை வாளால் தண்டியாது, அவருக்குக் கவரி வீசினான் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. முரசின் பெருமை உணர்ந்தால்தான் அந்த மன்னனின் பெருந்தன்மையும் விளங்கும்.

மேலைநாட்டிலும் இதுபோன்றதொரு வரலாறு உண்டு. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் சுவிற்சர்லாந்துக் காலாட்படைகள் நீண்ட ஈட்டிகளை ஏந்தி நெருங்கிய அணிகளாக நடந்தன. ஒருவர் அடி பிசகினால் அணியே குலையும். எனவே முரசு நடையை ஒழுங்கு செய்தது. 'பைஃப்' எனப்படும் சிறு குறுக்குக்குழலின் கூரிய ஒலி இரைச்சலைக் கிழித்துச் சென்றது. ஏனைய ஐரோப்பியப் படைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. பகைவர் பாசறைக்குத் தூது செல்லும் பொறுப்பும் முரசறைவோருக்கு இருந்தது. பின்னர் பியூகிளும், அதன்பின் வானொலிக் கருவியும் கட்டளை சொல்லும் வேலையை ஏற்றன. போரை விட்ட குழலும் முரசும் விழாவிலே வாழ்ந்தன. அவற்றின் ஒலி இன்றும் கேட்கும் பாசல் நகரத் திருவிழாவை 2017இல் யுனெஸ்கோ மானிட மரபுரிமையாக ஏற்றது.

நம்மிடையே நடந்தது வேறு. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றி வேறு குடி இல்லை என்று பெருமிதத்தோடு பாடினார் மாங்குடி கிழார். அவர் முதன்மை தந்த குடிகளுள் பறை முழக்கியோரும் இருந்தனர். பிற்காலச் சாதி அமைப்போ அவர்களைச் சாவீட்டு வாசலிலே நிறுத்தியது. தொழிலைக் கட்டாயமாக்கி, மதிப்பை மறுத்தது. இருபதாம் நூற்றாண்டிலே அவர்களுட் பலர் பறையைக் கைவிட்டனர். அது கலையை வெறுத்த செயலன்று. மானத்தைக் காத்த செயல்.

இன்று நமது பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகளைப் பாருங்கள். பிரதம விருந்தினரைப் பாண்ட் வாத்தியக் குழு அழைத்து வருகின்றது. அது ஐரோப்பியப் படைமரபு நமக்கு விட்டுச்சென்ற இசை. அந்த மேளத்தைத் தோளில் மாட்டிய பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பூரிக்கின்றனர். அதே பிள்ளை பறைமேளத்தைத் தொட்டால் முகம் சுளிப்போர் இன்னும் இருக்கின்றனர். இரண்டும் கோலால் அடித்து முழக்கும் மேளங்களே. வேறுபாடு நம் மனத்திலேதான் இருக்கின்றது.

பறையைப் பாடசாலைக்குள் கொண்டுவர வேண்டும் என்று சிலர் சொல்கின்றனர். நல்லது. ஆனால் ஒரு குடியின் பிள்ளைகளை மட்டும் அதற்கு அழைப்போமானால், பழைய கட்டாயத்துக்குப் புதிய சீருடை அணிவித்தவர்களாவோம். எல்லாப் பிள்ளைகளின் தோளிலும் அது ஏறட்டும். அதை அறிந்த முதியவர் ஆசிரியருக்குரிய ஊதியத்தோடும் மரியாதையோடும் வந்து கற்பிக்கட்டும். அப்போதுதான் பறை மீண்டும் பேசும்.