சாளர இருக்கையும் முதற்பொருளும்



நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. வானூர்தியில் காட்சி நாடிச் சாளர இருக்கையைத் தேர்பவரும் முதலில் எண்ண வேண்டியவை இவ்விரண்டே. எப்புறத்தில் எந்நிலம்? எப்பொழுதில் எத்திசை வெயில்? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே இருக்கை எண்ணைக் கேட்டல் தகும்.

சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் வழியைச் சான்றாகக் கொள்ளலாம். ஊர்தி தெற்கும் தென்மேற்குமாகச் செல்கிறது. வானம் தெளிந்த நாளில், ‘ஏ’ எழுத்துடைய இடப்புறச் சாளரத்தில் அமர்ந்தவர்க்குக் காவிரிப் படுகையின் மருதமும், அதனை அடுத்துப் பாக் நீரிணையும், மன்னார் வளைகுடாவும் புலனாகும். வலப்புறத்தார்க்குத் தொலைவில் பச்சைமலை. இறங்கும் வேளையில் மேற்குத் தொடர்ச்சி மலை. ஒருவர் நெய்தலைப் பெறுகிறார். மற்றவர் குறிஞ்சியைப் பெறுகிறார். இரண்டையும் ஒருங்கே தரும் இருக்கை இல்லை.

இனிப் பொழுது. காலையில் கதிரவன் இடப்புறம் நிற்கிறான். அப்புறம் நோக்குவார்க்குக் கண் கூசும். ஆயினும் ஏரியும் குளமும் வாய்க்காலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சிடுவது அவ்வெதிரொளியில்தான். மலையின் மடிப்பும் காட்டின் நிறமும் வலப்புறத்தார்க்கே தெளிவாகும். மாலையில் இந்நிலை மாறும். பிற்பகல் எனப் பெரும்பாலோர் கொள்ளும் எற்பாட்டை நெய்தற்கு உரியதாக்கிய மரபு இங்கு எண்ணத்தக்கது. கீழைக்கடலின் நீலம் வானிலிருந்து நன்கு துலங்குவதும் வெயில் மேற்கே சாய்ந்த அப்பொழுதில்தான்.

ஊர்தியின் அமைப்பும் கருதத்தக்கது. பெரிய விமானங்களில் இறக்கை உடலின் கீழ்ப்பகுதியில் அமைவதால் நடு இருக்கைகளுக்குத் தரை மறையும். இறக்கைக்குப் பின்னே இயந்திரத்தின் வெப்பக்காற்றில் காட்சி கலங்கும், முன்னிருக்கையே நன்று. ஏ.டி.ஆர். 72 போன்ற சிறு விமானங்களில் இறக்கை உடலின் மேலே இருப்பதால் தரை மறைவதில்லை. போயிங் 737 வகை சிலவற்றில் குளிர்காற்றுக் குழாய் செல்லும் இடத்தில் சாளரம் இராது. சாளர இருக்கை என்ற பெயரில் சுவரே வாய்க்கும்.

வெயிலுக்கு எதிர்ப்புறம் அமர்ந்தவர்க்கு வேறொரு பேறும் உண்டு. கீழே மேகம் படர்ந்திருப்பின், அதன்மேல் விழும் விமான நிழலைச் சுற்றி வண்ண ஒளிவளையம் தோன்றும். அறிவியலார் இதனைக் ‘குளோரி’ என்பர். 1894ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இத்தகைய ஒளிக்காட்சிகளைக் கண்ட சி.டி.ஆர். வில்சன், அவற்றை ஆய்வகத்தில் உருவாக்க முயன்றதன் பயனே முகிற்கலம். அதற்காக 1927இல் நோபல் பரிசு பெற்றார். வளையத்தின் நடுவிடம் காண்பவரின் தலைநிழல் விழும் இடமே ஆகும். முன்னிருக்கையார்க்கு நிழலின் முற்பகுதியிலும், பின்னிருக்கையார்க்குப் பிற்பகுதியிலும் அது அமையும். காண்பவர் அமர்ந்த இடம் காட்சியிலேயே பதிந்துவிடுகிறது.

கவிதைக்கும் இது பொருந்தும். தூத்துக்குடியின் உப்பளங்கள் மேலிருந்து நோக்குவார்க்குக் கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பினாற்போல் தோன்றும். அக்காட்சியைப் பாடுதல் எளிது. ஆனால் உவர்நீரில் நின்று உப்பு வாருவோரின் காற்புண் அவ்வுயரத்தில் தெரிவதில்லை. உப்பின் வெண்மையில் வெயில் பட்டுக் கூசும் அவர்தம் கண்களும் தெரிவதில்லை. நிலமும் பொழுதும் கிடைத்தன. தொழிலும் மக்களும் ஆகிய கருப்பொருள் கிடைக்கவில்லை. கருப்பொருள் இன்றி நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் எவ்வாறு பிறக்கும்?

ஆகவே, நல்லிருக்கையைத் தேர்க. சாளரத் திரையைத் திறந்தே வைக்க. இறங்கிய பின்னர் அந்த உப்பளத்தின் வரப்பில் ஒருமுறை நடந்து பார்த்து, அதன் பிறகு எழுதுக.